பெரியப்பாவும் கதிரும் இறக்கிய வண்டி

1

இந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஊருக்குப் போகவில்லை. நாளிதழில் இருந்த காலத்தில் செய்தியை முதல் வரியிலேயே வைத்துவிடச் சொல்லிக் கொடுத்தார்கள், வைத்துவிட்டேன். சென்ற ஜூனில் என் மகன் கதிர் மரக்காணத்துக்குப் போனான். இனி வருஷா வருஷம் போவேன் என்றும் சொன்னான். நாங்கள் ஊருக்குப் போகாமல் இருப்பது பெரிய செய்தி இல்லை. நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து போகாமல் இருந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் கதிர் போனதற்கும் ஒரு வண்டிதான் காரணம், போகாததற்கும் அதே வண்டிதான் காரணம். அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிபோர்னியாவின் உட்பகுதியில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஃபிரெஸ்னோ என்ற ஊரில். புதுச்சேரியில் நாளிதழ் உதவி ஆசிரியனாக இருந்தவன், இங்கே மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களில் பிழை பார்க்கிறேன். நீங்கள் மாத்திரையை எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுகிறீர்களே, அந்தத் தாள். யாரும் படிக்காததைக் கவனமாகப் படிப்பது என் உத்தியோகம். காலையில் போகிறேன், மாலையில் வருகிறேன். வரும் வழியில் திராட்சைத் தோட்டங்கள், பிறகு ஒரே மாதிரி வீடுகள், அவற்றில் ஒன்று என்னுடையது.

2

கதிருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது இங்கே கொண்டுவந்தோம். பத்து வயது வரை தமிழில் பேசினான். பிறகு நாங்கள் தமிழில் கேட்பதும் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பதில் வருகிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம். பதினேழு வயதில் பதில் இரண்டு சொல்லாகச் சுருங்கியது. பதினெட்டில் கல்லூரியில் சேர்ந்தான், பாதியில் நிறுத்தினான். டயர் கடை ஒன்றில் வேலைக்குப் போகிறான் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள் வைப்பதை என் மனைவி மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாவது தட்டு பெரும்பாலும் கழுவாமலே அலமாரிக்குத் திரும்பியது.

இந்த ஊர் இளைஞர்களுக்கு ஒரு மோகம் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பிக்கப் வண்டி ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து, வீட்டு முற்றத்தில் வைத்துப் பிரித்து, ஸ்பிரிங்கைக் குறைத்து, சேஸிஸை வெட்டி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவார்கள். வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் இடம் இருக்கும். மாலையில் கடைத்தெருவில் அவற்றை நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார்கள். சுமை ஏற்றச் செய்த வண்டியைச் சுமையே ஏற்ற முடியாதபடி ஆக்குவதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். பார்க்கச் சரியாக இருக்கிறது என்றான். அந்த மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். அவன் அறை முழுக்க அவன் கையால் வரைந்த சேஸிஸ் படங்கள். சொந்தமாக வண்டி இல்லை.

3

2004 டிசம்பரில் கடல் ஏறியபோது ஊருக்கு லைன் கிடைக்கவே இல்லை. தொலைக்காட்சியில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கடைசியில் லைன் கிடைத்தபோது என் அண்ணன் ஏழுமலை எடுத்தார். உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தியில் தண்ணீர் உப்பு விளையும் அளவுக்கு முற்றிவிட்டதா என்று மிதக்கும் கண்ணாடிக் குழாயை விட்டு, கரிப்பு எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் அண்ணியும் மட்டும். வீடு நிற்கிறது, நாங்கள் இருக்கிறோம், உப்பங்கழி வழியாகத் தண்ணீர் வந்து தோட்டத்தில் நின்று போய்விட்டது, குப்பத்தில்தான் நிறையப் பேர் போய்விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் கதிர் எங்கே என்று கேட்டார். நான் போனை நீட்டினேன். மறுப்பான் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டான்.

என்ன பேசுவது என்று தெரியாமல் அண்ணன் கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறார். பழைய உப்பு வியாபாரி ஒருவரின் கொட்டகைச் சுவரைத் தண்ணீர் தள்ளிவிட்டது. உள்ளே ஒரு அமெரிக்க வண்டி நிற்கிறது. மூக்கு உருண்டையாக இருக்கிறது. இத்தனை வருஷம் அது உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாது என்றார். கதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். கேள்வியை ஆங்கிலத்தில் தொடங்கி, அங்கே புரியவில்லை என்று தெரிந்ததும், தமிழில் முடித்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போன். எங்களுக்குக் காலை, அவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். வியாபாரியின் மகன், இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் டிராக்டர் வைத்து வீட்டுக்கு இழுத்து வந்தார். கோட்டக்குப்பத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த பையனை விட்டுப் போட்டோ அனுப்பினார். கதிர் அதற்குப் படம் வரைந்து அனுப்பினான்.

விசா விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில், வண்டி கட்ட என்று எழுதினான். வேலை செய்யப் போகிறாயா, அப்படியானால் வேறு விசா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறவினரைப் பார்க்க என்று மாற்றி எழுதச் சொன்னேன். அது உண்மை இல்லையே என்றான். அதுவும் உண்மைதான் என்று என் மனைவி சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினான்.

4

ஜூன் முழுக்கக் கதிர் என் அண்ணன் வீட்டில் இருந்தான். ஜூலையில் அவனைக் கூட்டி வர நான் போனேன். புதுச்சேரியில் மனைவியின் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, பஸ்ஸில் மரக்காணம் போய்வந்தேன்.

முதல் நாள் நான் பார்த்தது: வேப்ப மரத்தடியில், கல் அடுக்கி ஏற்றிய ஒரு சேஸிஸ். அதன் கீழே இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று அண்ணனுடையது, கைலியில். இன்னொன்று என் மகனுடையது, அதுவும் கைலியில். என்னைப் பார்த்து வெளியே வந்தவன், “அப்பா, நீ எப்ப வந்த?” என்றான். ஒன்பது வருஷம் கழித்து என்னிடம் அவன் தமிழில் கேட்ட கேள்வி. எல்லாரையும் அவன் நீ, வா, போ என்றுதான் பேசினான். வீட்டில் நாங்கள் அவனிடம் பேசிய தமிழ்தானே அவனுக்குத் தெரியும். பெரியவர்களிடம் பேசும் தமிழை அவன் காதால் கேட்டதே இல்லை. பஞ்சாயத்துத் தலைவரை “உக்காரு” என்றானாம். அவர் உட்கார்ந்துவிட்டு, “பரவால்ல, அமெரிக்காவே சொல்லிட்டுது” என்றாராம். அண்ணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெல்டிங் வேலைக்குக் கூனிமேட்டிலிருந்து பஷீர் பாய் வந்தார். வளைகுடாவில் பல வருஷம் வண்டி பாடி வேலை பார்த்தவர். வந்த அன்று படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் கதிர் அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினான். “தம்பி, இந்த ரோட்டுல எல்லாரும் வண்டிய மேல தூக்கிக் குடுன்னு வர்றாங்க. கீழ எறக்கிக் குடுன்னு வந்தவன் நீ ஒருத்தன்தான். அல்லா உனக்கு நல்ல புத்தி குடுக்கட்டும், வா, வேலையப் பார்ப்போம்.”

வேலை இதுதான். அச்சுக்கு மேலே இருந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கீழே மாற்றினார்கள், வண்டி இறங்கியது. இறங்கியதும் அச்சு சேஸிஸில் இடித்தது. இடிக்கும் இடத்தில் சேஸிஸை அரைவட்டமாக வெட்டினார்கள். வெட்டியதால் பலம் போகாமல் இருக்க, இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பெட்டி மாதிரி மூடி வெல்ட் அடித்தார்கள். இது கதிர் வரைந்தபடி.

தகடு மூடுவதற்கு முன் செய்த வேலையை அண்ணன் எனக்குப் பெருமையோடு விவரித்தார். கடல் தண்ணீர் புகுந்த வண்டி. உப்பு ஒரு துளி உள்ளே நின்றாலும் இரும்பைத் தின்றுவிடும். அது உப்பளத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு வாரம், காலையிலும் மாலையிலும், மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி, சேஸிஸின் சந்து பொந்தெல்லாம் கழுவினாராம். கதிர் போதும் என்று சொன்ன பிறகும் கழுவினாராம். கடல் வந்தபோது அந்தக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் பெரிய மோட்டார் வைத்துக் கிணற்றை வற்ற இறைத்து, சுத்தமாகிவிட்டது, குளிக்கக் கொள்ளப் புழங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடிக்க லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

வண்டிக்கு வெளிர்நீலம் அடித்தார்கள். ரோட்டில் ஓட்ட முடியாது. இப்படி வெட்டிய வண்டிக்கு யாரும் பேப்பர் தர மாட்டார்கள், தந்தாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் முதல் வேகத்தடையிலேயே உட்கார்ந்துவிடும். ஓட்டுவதற்கு ஏற்ற இடம் மரக்காணத்தில் ஒன்றுதான். உப்பளத்துக்கு நடுவே போகும் லாரிப் பாதை. மேடு பள்ளம் இல்லாமல், இருபக்கமும் பாத்தித் தண்ணீர் மட்டத்துக்கே போகிறது. ஸ்டியரிங் இடது பக்கம். ஊரில் யாருக்கும் வராது, கதிருக்கு அதுதான் வரும். அவன் ஓட்டினான். வலது பக்கம் அண்ணன், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டையில். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “மேஸ்திரி, வண்டி குந்திகினு போவுதே, கால் வலியா?” என்றது ஒரு குரல். அண்ணன் அவர்களுக்குக் கையசைத்தார்.

பாதை முடிவில் திருப்பிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தி, கதிர் தலையை வெளியே நீட்டினான். “அப்பா, உள்ள வா. எடம் இருக்கு.” மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். திரும்பும்போது அவன்தான் சொன்னான், வருஷா வருஷம் வருவேன், அடுத்த வருஷம் உள்ளே சீட்டு வேலை என்று. அண்ணன் என்னைப் பார்க்காமல், “ரூம காலியாவே வைக்கிறேன்டா” என்றார்.

5

ஃபிரெஸ்னோவுக்குத் திரும்பிய பிறகு மூன்றாவது தட்டு கழுவ வந்தது. சனிக்கிழமை போன் நிற்கவில்லை. மாலை வகுப்பில் மறுபடி சேர்ந்தான். என் மனைவியிடம், சீட்டு மேல் தைக்கும் ‘அப்ஹோல்ஸ்டரி’க்குத் தமிழில் என்ன என்று கேட்டான். இருவரும் அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அவள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அண்ணனின் பேச்சு குறைந்தது. புதுப் போட்டோ கேட்டால் பிரவுசிங் சென்டர் பூட்டிக்கிடக்கிறது என்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணினாயா என்றால் மழை என்றார். மழை நின்ற பிறகும் மழை என்றார்.

பிப்ரவரியில் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட நான் போக வேண்டியிருந்தது. வண்டி வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அண்ணன் தானாகவே பாயை விலக்கினார். பெயின்ட் முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினால் உடைந்து, உள்ளிருந்து சிவப்பு வழிந்தது. வண்டியின் பின்பாதி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தகடு வைத்து மூடிய அந்த இடத்தில் சேஸிஸ் இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தது. யாரும் ஓட்டவில்லை. நின்ற இடத்திலேயே முறிந்திருக்கிறது.

பஷீர் பாயை வரச் சொன்னோம். சுத்தியலால் தட்டினார், இரும்புச் சத்தம் வரவில்லை, அட்டைப் பெட்டியைத் தட்டிய மாதிரி இருந்தது. ஒரு தகட்டை வெட்டித் திறந்தார். உள்ளே துரு ஏடு ஏடாக உரிந்து கிடந்தது, நடுவில் வெள்ளைக் கோடுகள். அண்ணன் விரல் நுனியில் ஒட்டியெடுத்து நாக்கில் வைத்தார். உள்ளே போய், உப்பளத்தில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து அதில் விட்டார். நல்ல தண்ணீரில் பூஜ்யத்தில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை. அரை டிகிரி காட்டியது; கடல் தண்ணீருக்கே மூன்று, மூன்றரைதான். அவ்வளவு மழைக்குப் பிறகு அரை டிகிரி. சென்ற கோடையில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கே கணக்குப் போடத் தெரிந்தது.

கடல் தொட்ட இரும்பைக் கடல் தொட்ட தண்ணீரால் கழுவி, காயவைத்து, மூடி வெல்ட் அடித்திருக்கிறார்கள்.

அண்ணி வாசற்படியில் நின்றபடி, “போன கோடையிலயே சொன்னேன் தம்பி, சோப்பு நுரைக்கலன்னு. சோப்ப மாத்துன்னாரு. மாத்தினேன். அதுவும் நுரைக்கல. அப்புறம் பழகிடுச்சி” என்றார்.

அண்ணன் வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பகலெல்லாம் அளத்துல நின்னுட்டு வந்து குளிக்கறவன்டா நான். வாய் கரிக்கறது தண்ணியாலயா, ஒடம்பாலயான்னு எனக்கு எப்புட்றா தெரியும்?” என்றார். ஊரிலுள்ள பாத்திக்கெல்லாம் டிகிரி பார்க்கும் மனிதர் தன் வீட்டுக் கிணற்றுக்குப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? கதிரோ, இந்தியாவில் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக் குளித்திருக்கிறான்.

வேறு சேஸிஸ் கிடைக்குமா என்று கேட்டேன். ஜீப் சேஸிஸில் ஏற்றலாம், ஆனால் உயரமாக நிற்கும், தம்பி கேட்ட மாதிரி வராது என்றார் பஷீர் பாய். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, காசு பேச்சை எடுக்கவிடாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று பஸ் ஸ்டாப் வரை அண்ணன் கூடவே வந்தார். “அவங்கிட்ட சொல்லாதடா. வரட்டும். வந்து பார்த்துக்கட்டும். நான் சொல்லிக்கறேன்” என்றார். சொன்னால் வர மாட்டான் என்பது அவர் பயம். சொல்லாமல் வந்து பார்த்தால் மறுபடி எப்போதும் வர மாட்டான் என்பது என் பயம்.

6

நான் சொன்னேன். நடந்ததை வரிசையாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கதிர் கடைசிவரை கேட்டான். முறிந்தது வெட்டிய இடத்திலா என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். தண்ணீரைப் பற்றி மறுபடி விளக்கினேன். அந்த இடத்தை வெட்டச் சொன்னது நான்தான், மூடச் சொன்னதும் நான்தான், திறந்து விட்டிருந்தால் உலர்ந்திருக்கும் என்றான். எழுந்து போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வேலைக்குப் போய்விட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும். அண்ணன் போன் செய்து, தான் கழுவிக் கெடுத்ததால் பிள்ளைக்குக் கோபம், அதனால்தான் பேச மாட்டேன் என்கிறான் என்றார். கோபம் இல்லை, தன் படம்தான் தப்பு என்று நினைக்கிறான் என்றேன். கதிரிடம், பெரியப்பா தன்மேல்தான் தப்பு என்கிறார் என்றேன். இருவர் சொன்னதையும் பிழையில்லாமல் மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இருவரும் என்னை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் என் மனைவி விசா பேச்சை எடுத்தாள். கடையில் லீவு தர மாட்டார்கள் என்றான். மாலை வகுப்பு நின்றுபோனதை இந்த முறையும் அவனாகச் சொல்லவில்லை. மே கடைசியில் அண்ணி போனில், அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, ஃபேன் மாற்றியாகிவிட்டது என்று தகவல் மாதிரிச் சொல்லிவிட்டு வைத்தார். ஜூன் வந்தது, போனது. இங்கே வெயில் நூற்றைத் தாண்டியது. நான் வேலைக்குப் போனேன், வந்தேன்.

போன வாரம், வழக்கமில்லாத ஒரு நாளில் அண்ணன் கூப்பிட்டார். கடலூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக்காரன் ஒருவன் தெருத்தெருவாக வருகிறான், வண்டியைக் கேட்கிறான் என்றார். கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நான் சொல்லவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. “அது அவன் வண்டிடா. அவன ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்” என்றார்.

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். கதிர் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றை மட்டும் கழற்றினான். தமிழில் கேட்டேன். பெரியப்பா லைனில் காத்திருக்கிறார் என்றும் சொன்னேன். கூடத்துப் பக்கம் பார்த்தான். எழுந்து வருவான் என்று ஒரு கணம் தோன்றியது. கொடுத்துவிடச் சொல்லுங்கள், எனக்கு ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“என்ன சொன்னான்?” என்றார் அண்ணன்.

“குடுத்துடச் சொன்னான்ணா.”

“தமிழ்லயா சொன்னான்?”

“இல்லணா.”

“சரி. நாளைக்கு வரச் சொல்லிடறேன்” என்றார். பின்னாலிருந்து அண்ணியின் குரல், புள்ள எப்ப வர்றானாம் என்று கேட்டது. அண்ணன் அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் போனை வைத்துவிட்டார்.